புதுப்பிப்பு: 'வாரியர்ஸ்' பூனைக் கதைகளை எங்கே தொடங்குவது?

காலாண்டு விடுமுறைக்கு எரின் ஹன்டரின் 'வாரியர்ஸ்' என்ற ஆங்கிலச் சிறுவர் நாவல் தொடரை வாங்கச் சொன்ன என் இழையில், கதைக்காலப்படி படிக்கலாமா என்று தஞ்சாவூர், திருவாரூர்ப் பெற்றோர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முன்கதைத் தொடரான 'டான் ஆஃப் த கிளான்ஸ்' 2013இல்தான் வரத் தொடங்கியது. கதையில் வரும் பூனைக் குலங்களை அறிந்தவருக்கே அது ருசிக்கும். 2003இல் வந்த 'இன்டு த வைல்ட்' தொடங்கி முதல் ஆறு புத்தகங்கள், வெளிவந்த வரிசையிலேயே.

பிள்ளைகள் தடுமாறுவது பெயர்களில்தான். ரஸ்டி என்ற வீட்டுப் பூனை பயிற்சியில் ஃபயர்பா, வீரனானதும் ஃபயர்ஹார்ட். பெயரின் முடிவில் 'கிட்' என்றால் குட்டி, 'பா' பயிற்சிப் பூனை, 'ஸ்டார்' தலைவர். முன்பக்கத்துப் பெயர்ப்பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கக்குறியாக வையுங்கள்.

ஆறும் முடியும்வரை 'சூப்பர் எடிஷன்' என்ற தனிக்கதைக் குண்டுப் புத்தகங்கள் வேண்டாம். சிலவற்றின் தலைப்பே யார் தலைவர் என்று போட்டுடைத்துவிடும்! அட்டைப் பூனையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சண்டையும் சாவும் நிறைய. எட்டு வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள்.