புதுப்பிப்பு: வாடைக் காற்றில் டூயத்லான், முடித்துவிட்டேன்

மார்கழிக் காலையில் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) டூயத்லான், அதாவது 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், மறுபடி 2.5 கி.மீ. ஓட்டம் என்று ஒரே போட்டி, குளிரையும் காற்றையும் எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கிளம்பும்போது 21 டிகிரி, கூடவே தூறல். ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நனைந்த ஜெர்சியோடு காற்றில் சைக்கிள் மிதித்துப் பார்த்தால் தெரியும்!

கைகொடுத்தது நீங்கள் சொன்ன செய்தித்தாள் யோசனைதான். முதல் ஓட்டம் முடிந்ததும் ஜெர்சிக்குள் நெஞ்சுப் பக்கம் இரண்டு தாளை மடித்துச் செருகினேன். காற்று உள்ளே இறங்கவே இல்லை. சைக்கிளை நிறுத்தியதும் உருவிவிட்டேன், அதற்குள் பாதி கூழாகியிருந்தது.

முன்சக்கரத்தின் ஆழமான ரிம்மை (பக்கவாட்டில் அகலமாக இருந்து காற்றை வாங்கும் வகை) கழற்றிச் சாதாரண ரிம் போடச் சொன்னதும் சரிதான். வெட்டவெளியில் பக்கக்காற்று தள்ளியபோது ஹேண்டில் பிடிக்குள் இருந்தது.

வடகிழக்குக் காற்று என்பதால் தெற்கே போகும்போது 35 கி.மீ. வேகம், ஏதோ நானே பெரிய வீரன் மாதிரி. திரும்பும்போது 24தான். வேகத்தைப் பார்க்காமல் லேசான கியரில் வேகமாக மிதித்தேன், அதனால் கடைசி ஓட்டத்துக்குக் காலில் தெம்பு மிச்சம் இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: விரல் விறைத்து ஹெல்மெட் பட்டையைக் கழற்றவே முடியவில்லை. அரை நிமிடம் அங்கேயே போயிற்று. அடுத்த முறை முழுவிரல் கையுறைதான்.