மொழி மாறினால் நக்கல் புகழ்ச்சியாகிவிடுகிறதே, ஏன்?

உப்புவெளிவாசி:
வணக்கம். திருகோணமலை நகரில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து பணிபுரியும் அலுவலகம் எங்களுடையது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய சிங்கள இளைஞர் ஒருவர், சென்ற வாரம் பத்தேகாலுக்குக் கையில் மாலுபாண் (மீன் அடைத்த பணிஸ்) பையுடன் வந்து நின்றார். பிந்தி எழும்பும் என் தம்பியிடம் "துரை எழும்பிவிட்டாரோ?" என்று கேட்கும் அதே தொனியில், "சேர் இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டாரே" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புன்னகையோடு நன்றி கூறி, ஒரு மாலுபாணை எனக்கும் நீட்டினார். என் ஆங்கிலம் பிழையா, அல்லது நக்கலே மொழிக்கு மொழி வேறானதா?

கோணமலையான்:
தங்கச்சி, ஆங்கிலத்தில் பிழை இல்லை. தமிழ் நக்கலின் உறுப்புகள்தான் அதற்குள் நுழையவில்லை. "அவர் பெரிய விண்ணனாம்" என்னும்போது இறுதியில் ஒட்டிய 'ஆம்', ஊர் சொல்கிறது, நான் நம்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. "நீ பெரிய ஆளாக்கும்" என்பதில் 'ஆக்கும்' அந்த வேலையைச் செய்கிறது. அதோடு, நாங்கள் ஒருவரைக் குத்துவதற்கு அவரைத் தகுதிக்கு மிஞ்சி உயர்த்துகிறோம். 'நீ' என்றே அழைத்துவந்த மகனை அம்மா திடீரென 'நீங்கள்' என்று அழைத்தால், ஏதோ நடக்கப்போகிறது என்று அவனுக்கு விளங்கும். (பிள்ளைகளை எப்போதும் 'நீங்கள்' என்னும் வீடுகளில் இது பலிக்காது, அங்கே 'துரை' வேண்டும்.) தாம் விரும்பியதையே செய்து திரிவதால் கயவர் தேவரைப் போன்றவர் என்னும் 1073ஆம் குறளும் இந்த வழியில் வந்ததுதான், அணியிலக்கணத்தில் இது வஞ்சப்புகழ்ச்சி. மிதமிஞ்சிய மரியாதையால் அவமதிப்பதற்கு ஜப்பானிய மொழியிலும் 'இங்கின் புரேய்' என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்திலோ குழந்தைக்கும் அமைச்சருக்கும் ஒரே 'யூ'தான், ஏற்றிவிட ஏணியில்லை.

கிண்ணியா வாசகி:
அண்ணா சொன்னதன் மறுபக்கத்தை நான் இங்கிலாந்தில் படித்தபோது அனுபவித்தேன். அங்கே குத்தல் பெரும்பாலும் குறைத்துச் சொல்வதில் இருக்கிறது. குடை உடைந்து தொப்பலாக வந்தவர், "கொஞ்சம் ஈரம்தான்" என்பார். என் கட்டுரை வரைவின் ஓரத்தில் ஆசிரியர் "சுவாரசியமான கருத்து" என்று எழுதியிருந்ததை நம்பி, அந்தப் பகுதியை இன்னும் இரண்டு பக்கம் நீட்டினேன். இறுதிப் பிரதியில் இரண்டு பக்கத்தின் மீதும் குறுக்குக் கோடு இருந்தது. எழுத்தில் குரல் இல்லாத இந்தத் தொல்லைக்காகவே 1899இல் அல்காந்தே த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர், அங்கதத்துக்கென்று ஒரு தனிக்குறியை முன்மொழிந்தார், அது நிலைக்கவில்லை. பகிடி என்று அறிவித்துவிட்டுப் பகிடி விடுவதில் என்ன சுவை இருக்கிறது?

துறைமுகத்தார்:
நீங்கள் எல்லோரும் மொழியையே பார்க்கிறீர்கள். எனக்கோ உறவுதான் பெரிதாகத் தெரிகிறது. தம்பியிடம் சொல்லும் "துரை"யை எந்தத் தமிழரும் பெரியப்பாவிடம் சொல்லத் துணியமாட்டார். இன்னொன்று, அந்த இளைஞருக்கு விளங்கவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நன்றி சொல்லி மாலுபாணை நீட்டியதே அவருடைய பதிலாக இருக்கலாம்.

உப்புவெளிவாசி:
அனைவருக்கும் நன்றி. துறைமுகத்தார் ஐயாவின் ஐயம் சரிதான் போலும். இன்று நான் பத்து நிமிடம் பிந்தினேன். அவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், என் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து இழுத்து வைத்தார்.