ரயில் ஹாரனை எப்போது கழற்றுகிறாய், அஜின்?

குழு: தெற்குவீட்டுச் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

ஷைனி (காலை 6:52)
நேற்று இரவு 10:45-க்கு நம் நடைபாதையில் ரயில் ஹாரன் அடித்தது யார்? பிள்ளை தூக்கத்திலேயே இரண்டு கைகளையும் விரித்தாள். விரல்கள் விறைத்து நின்றன. வாய் திறந்திருக்கிறது, அழுகை வெளியே வரவில்லை. ஐந்தாறு நொடி கழித்துத்தான் சத்தம் வந்தது. அதுவரை எனக்கு உயிர் இல்லை.

பெரியம்மை (6:58)
நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எரணியல் பக்கம் போகும் ரயிலைத் தினமும் கேட்கிறோம், இது வாசலிலேயே கேட்டது. பாட்டா அதற்குப் பிறகு விடியும்வரை தூங்கவில்லை.

அஜின் (7:15)
என் வண்டிதான் அக்கா. மன்னித்துவிடுங்கள். புதிதாக மாட்டியது. கேட் திறக்கச் சொல்லி ஒரு தடவைதான் அடித்தேன்.

செல்வி சித்தி (7:19)
ஒரு தடவை இல்லை மக்களே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சானல்கரையில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் அடித்ததும் நீதான். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர். காலடியில் வாழைக்குலை இருந்தது. கை உதறி, முன்சக்கரம் கரையோரப் புல்லில் ஏறிவிட்டது. காலை ஊன்றியதால் தப்பினேன். லாரி என்று நினைத்துத் திரும்பினால் ஒரு சின்ன கார்.

அஜின் (7:21)
ஐயோ சித்தி, அது நீங்கள் என்று எனக்குத் தெரியாது.

செல்வி சித்தி (7:22)
வேறு யாராக இருந்தாலும் அதே சானல்தானே, அதே தண்ணீர்தானே.

அஜின் (7:30)
விளையாட்டுக்காக மட்டும் மாட்டவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை தினமும் போகிறேன். கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாகப் போகின்றன. கம்பெனி ஹாரன் அவர்கள் காதில் விழுவதே இல்லை. இரண்டு முறை என்னை ஓரத்தில் நெருக்கிவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் வாங்கினேன்.

தாஸ் மாமா (7:48)
உன் பயம் எனக்குப் புரிகிறது. 31 வருடம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பஸ்ஸிலும் லாரியிலும் பிரேக் காற்றில் ஓடுகிறது. அதற்கென்று கம்ப்ரசரும் டேங்கும் முதலிலேயே உண்டு. அந்தக் காற்றில் கொஞ்சம் எடுத்துத்தான் ஹாரனுக்கு விடுவார்கள். காரில் அந்தக் காற்று கிடையாது. அதனால்தான் உனக்குத் தனியாக ஒரு கம்ப்ரசரை விற்றிருக்கிறார்கள்.

ரயிலுக்கு ஏன் அவ்வளவு சத்தம்? வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டாலும் நிற்கப் பல நூறு மீட்டர் ஆகும், சில நேரம் ஒரு கிலோமீட்டர்கூட ஓடும். அவ்வளவு தூரத்தில் தண்டவாளத்தைக் கடப்பவனுக்கு இப்போதே கேட்க வேண்டும். உன் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் 20, 30 மீட்டருக்குள் நின்றுவிடும். நிற்கத் தேவையான தூரத்துக்கு ஏற்றதுதான் ஹாரன். 30 மீட்டரில் நிற்கிற வண்டி ஒரு கிலோமீட்டருக்குக் கத்தினால், நடுவில் இருக்கும் அத்தனை வீடுகளும் காரணமில்லாமல் அதைக் கேட்கின்றன.

லாரிக்காரன் ஒதுங்க வேண்டுமா? அவன் கண்ணாடியில் உன் முகம் தெரியும் இடத்துக்கு வந்து, லைட்டை இரண்டு முறை மின்னிக் காட்டு. அவன் கேபினுக்குள் எஞ்சின் சத்தம். காதைவிடக் கண்தான் முதலில் பார்க்கும். வழி தரவில்லையா, பின்னாலேயே போ.

ஷைனி (7:55)
மாமா, உங்கள் வலது காதைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள்.

தாஸ் மாமா (8:01)
பாம்பு சீறுவது போல் எந்நேரமும் ஓர் இரைச்சல். ராத்திரியில்தான் அதிகம். பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிகளின் ஏர் ஹாரன்களுக்கு நடுவே நின்ற பலன் என்று டாக்டர் சொன்னார். காதின் உள்ளே மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. பேத்தி பேசுவதை இடது பக்கம் திரும்பித்தான் கேட்கிறேன்.

மெர்லின், சென்னை (8:10)
அஜின், சட்டத்தையும் தெரிந்துகொள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும், காதைக் கிழிக்கும் ஹாரனையும் பொருத்தக் கூடாது என்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் மூன்று மாதம் போகும். குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்தான். கம்பெனி ஹாரனே 93-க்குக் குறையாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு.

தாஸ் மாமா (8:14)
போலீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். கரண்ட் எங்கிருந்து எடுத்தாய்? அதிகக் கரண்டைத் தனி வயரில் விடும் சுவிட்ச், அந்த ரிலே வைத்தாயா?

அஜின் (8:16)
பழைய ஹாரன் வயரில்தான் கொடுத்தார்கள் மாமா. ரிலே தேவையில்லை என்று மாட்டிய பையன் சொன்னான்.

தாஸ் மாமா (8:17)
இப்போதே கீழே இறங்கிப் பானெட்டைத் திற. அந்த வயர் நாலைந்து ஆம்பியருக்குப் போட்டது. கம்ப்ரசர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். வயரைத் தொட்டுப் பார், ஹாரன் அடிக்காதே.

அஜின் (8:31)
மாமா, சிவப்பு வயரின் மேலுறை ஓரிடத்தில் சுருங்கிச் செம்பு தெரிகிறது. கரிந்த ரப்பர் வாசனை. ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே. போட்டோ அனுப்புகிறேன்.

தாஸ் மாமா (8:33)
பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்று. சாவி போடாதே. பழைய ஹாரனை என்ன செய்தாய்?

அஜின் (8:34)
டிக்கியில் துணிக்குள் கிடக்கிறது.

தாஸ் மாமா (8:36)
நல்லது. ஆராதனை முடிந்து பத்தரைக்கு வருகிறேன். 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் புது வயர் இரண்டு மீட்டரும் என்னிடம் இருக்கின்றன. குழல், டேங்க், கம்ப்ரசர் எல்லாவற்றையும் இன்றே இறக்கிவிடுவோம்.

அஜின் (8:38)
சரி மாமா. சித்தி, சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டும்.

செல்வி சித்தி (8:40)
ஸ்கூட்டருக்கு ஒன்றும் இல்லை. வா, குலை பழுத்துவிட்டது, கொண்டு போ.

ஷைனி (8:44)
பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். பழைய ஹாரனை மாட்டிச் சோதிக்கும்போது வண்டியை மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் அடியுங்கள்.