யாருக்கு முதலில் பதில் சொல்வது? வேலையிடத்து அனுபவங்கள் சில

கணக்குப் பிரிவிலிருந்து:

எது சரி, எது தவறு என்று தெரியாமல் அலுவலகத்தில் தடுமாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. யாருக்கு முதலில் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல் வருகிறது. மேலாளருக்கா, பக்கத்து இருக்கைக்காரருக்கா, முகம் தெரியாத முதலீட்டாளருக்கா?

எனக்கு நடந்தது ஒரு காலாண்டு முடிவில். கிடங்கை விட்டுக் கிளம்பாத சரக்கை அந்தக் காலாண்டு விற்பனையில் சேர்க்கச் சொன்னார் மேலாளர். வருவாயை எப்போது கணக்கில் காட்டலாம் என்று சொல்லும் சர்வதேசக் கணக்கியல் விதி, 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.எஃப்.ஆர்.எஸ். 15, இதில் தெளிவாகவே இருக்கிறது: பொருளின் கட்டுப்பாடு வாங்குபவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அவராகவே "உங்களிடமே வைத்திருங்கள்" என்று கேட்டிருந்தால் சில நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு. அப்படி யாரும் கேட்கவில்லை. மேலாளருக்கும் இதெல்லாம் தெரியும். "இலக்கை எட்டாவிட்டால் குழுவில் ஒருத்தருக்கும் ஊக்கத்தொகை இல்லை. எப்படியும் அடுத்த வாரம் போகப்போகிற சரக்குதானே?" என்றார். அவர் தன் ஆட்களுக்காகத்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். மோசமானவர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். நல்ல மனிதர் கேட்கும்போதுதான் நாக்கு எழுவதில்லை.

"சரி சார், இதை ஒரு மெயிலில் போட்டுவிடுங்கள், பதிவு செய்துவிடுகிறேன்" என்றேன். மெயில் வரவில்லை. பேச்சும் அத்தோடு நின்றது.

உள் தணிக்கையிலிருந்து:

மெயில் கேட்டது உங்களைக் காப்பாற்றியது, சரி. கணக்கைக் காப்பாற்றியதா? நான் பார்த்த ஓரிடத்தில் மெயில் கேட்டவரை விட்டுவிட்டு, கேட்கத் தெரியாத புதுப் பையனை வைத்து அதே பதிவைப் போட்டார்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மெயில் வந்திருந்தால் போட்டிருப்பீர்களா?

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமில் 2002-ல் வெடித்த கணக்கு மோசடியைக் கண்டுபிடித்தது அந்த நிறுவனத்தின் உள் தணிக்கைக் குழு. அதற்குத் தலைமை தாங்கிய சிந்தியா கூப்பரின் பெயரை எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வோம். ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அங்கே நடுத்தட்டில் இருந்த பெட்டி வின்சன். மேலிருந்து சொன்னபடி செலவைக் குறைத்துக் காட்டும் பதிவுகளைப் போட்டவர். தொடக்கத்திலேயே மனம் ஒப்பாமல் வேலையை விடப் பார்த்தார். இனி இப்படி நடக்காது என்று சமாதானம் சொன்னார்கள். வீடு அவருடைய சம்பளத்தை நம்பி இருந்தது, தங்கிவிட்டார். அடுத்த காலாண்டு, அதற்கடுத்த காலாண்டு என்று அது நீண்டது. 2005-ல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை. மேலே சொன்னார்கள் என்ற பதில் அவரை விடுவிக்கவில்லை.

கட்டுமானப் பொறியாளர்:

எங்கள் தொழில்நெறியில் பொதுமக்களின் பாதுகாப்புதான் முதலிடம். ஏட்டில் இது எளிது. 1978-ல் நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் மூலைப்பக்கமாக வரும் பலத்த காற்றுக்குத் தாங்காது என்று, அதன் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெசூரியருக்கே தெரியவந்தது. பற்றவைக்க வேண்டிய இணைப்புகளில் போல்ட் போட்டிருந்தார்கள். கட்டடத்தில் ஆட்கள் குடியேறியாயிற்று. பெயர் கெடும், வழக்கு வரும் என்று தெரிந்தும் அவரே கட்டட உரிமையாளர்களிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளைப் பற்றவைத்துச் சரிசெய்தார்கள்.

ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது 1995-ல். இதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, பீதியைக் கிளப்பாமல் காரியத்தை முடித்த மனிதர் என்றார் ஒரு மூத்தவர். கூட இருந்த இளையவர் கேட்டார்: "மேல் மாடியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் இதையே சொல்வீர்களா?" நான் இளையவர் பக்கம். புயல் வருமா வராதா என்று கணக்குப் போடும் உரிமை, அந்தப் புயலில் மாட்டக்கூடியவருக்கும் உண்டு.

தரச் சோதனை:

சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27. குளிரில் ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடுகிறார்கள். அவர்களுடைய தலைவரிடம் மேலதிகாரி சொன்னது: இன்ஜினியர் தொப்பியைக் கழற்று, மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள். மறுநாள் ஏழு பேர் போனார்கள். எங்கள் பிரிவில் அதே வாசகம் "கொஞ்சம் பிசினஸ் பக்கத்திலிருந்தும் பாருங்களேன்" என்று வரும். அதைக் கேட்ட உடனே நான் சோதனை முடிவை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு பேசலாம்.

குழுத் தலைவர் ஒருவர்:

உங்கள் எல்லாருடைய கதையிலும் ஒரு பக்கம் விதிமுறையாவது துணைக்கு இருக்கிறது. என் விஷயத்தில் விதி எனக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

ஆட்குறைப்புப் பட்டியல் முன்கூட்டியே என் கைக்கு வந்தது. யார் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று திட்டமிட வேண்டும், அதற்காக. வெளியே மூச்சு விடக்கூடாது என்பது நிபந்தனை. அந்த வாரம் பார்த்து, பட்டியலில் இருந்த ஒருவர் என்னிடம் வந்து, வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

என் மேலதிகாரியிடம் போனேன். இவரிடம் மட்டும் சொல்ல அனுமதி கேட்டேன். அவர் மறுத்தார். காரணமும் சொன்னார்: "பட்டியல் இன்னும் மாறலாம். நீங்கள் சொல்லி அவர் வீடு வாங்குவதை விட்டுவிட்டு, கடைசியில் அவர் பெயர் நீங்கிவிட்டால்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மறுநாள் அவரிடம், "கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா, பாருங்களேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, தள்ளிப்போட்டார். பெயர் நீங்கவில்லை, வேலை போனது. வீட்டுக் கடன் அவர் தலையில் ஏறவில்லை.

திரும்ப அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மனிதவளப் பிரிவிலிருந்து:

உங்கள் குழுவில் பட்டியலில் அவர் ஒருவர் மட்டும்தானா? இன்னொருவர் இருந்திருந்தால், அவர் அதே வாரம் வெளியிலிருந்து வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

குறை சொல்லக் கேட்கவில்லை. ரகசியம் காக்கச் சொல்வது நிறுவனத்துக்காக மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். யாருக்குத் தலைவரோடு பழக்கமோ அவருக்கு மட்டும் தகவல் போகாமல் இருக்கவும் அது வேண்டியிருக்கிறது. ஒழுக்க வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்த உளவியலாளர் கோல்பெர்க், எல்லாருக்கும் பொருந்தும் நீதியை உச்சியில் வைத்தார். அவரோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982-ல் அதை மறுத்து, எதிரில் இருக்கும் மனிதர் மீதான அக்கறையும் பொறுப்பும் தனி அளவுகோல், தாழ்ந்த படி இல்லை என்றார். பயிற்சி வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். நான் முதல் கட்சி, நீங்கள் இரண்டாம் கட்சி. நாம் ஒரே அலுவலகத்தில் இருந்திருந்தால் உங்கள் மேல் நடவடிக்கைக் குறிப்பு எழுதியிருப்பேன். நான் அந்த வீட்டுக் கடன்காரராக இருந்திருந்தால் உங்களைத்தான் தலைவராகக் கேட்டிருப்பேன்.

குழுத் தலைவர்:

இன்னொருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வெளியே வேலை வந்திருந்ததா, எனக்குத் தெரியாது.

நடவடிக்கைக் குறிப்பை நீங்கள் எழுதியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அது நியாயம்தான்.

அதற்கு அப்புறம் வேறு நிறுவனத்தில் இதே பொறுப்புக்கு வந்தபோது, சேர்ந்த உடனேயே மேலதிகாரியிடம் சொன்னேன்: இப்படி ஒரு பட்டியல் வந்தால் அறிவிக்கும் நாள் வரை என்னிடம் காட்ட வேண்டாம். தெரியாமல் இருந்தால் மறைக்கவும் வேண்டாம் அல்லவா? அவர் யோசித்துவிட்டு, "தாராளமாக. ஆனால் யார் பெயர் வர வேண்டும், வரக்கூடாது என்று பேசும் கூட்டத்திலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள், பரவாயில்லையா?" என்றார். என் ஆட்களுக்காகப் பேச அங்கே வேறு யாரும் இருக்கப்போவதில்லை. சரி, என்னிடமும் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.