உப்புக் கரைசல் அளவீடு பிட்சர் சமன்பாட்டோடு ஒட்டவில்லை, உதவி வேண்டும்

முதுகலை மாணவி, கீழக்கரை:
வணக்கம். வாலிநோக்கம் உப்பளத் தண்ணீரின் நீர் ஆக்டிவிட்டியை, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட ஆவியழுத்த விகிதத்தை, செறிந்த உப்புக் கரைசல்களுக்கான பிட்சர் சமன்பாட்டில் கணக்கிட வேண்டும். முதலில் கை பழகச் சுத்தமான சோடியம் குளோரைடு கரைசல்களை 25 டிகிரி செல்சியஸில் அளந்தேன். லிட்டருக்கு 58 கிராம் உள்ளதில் கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன. உப்பு ஏற ஏற விலகுகிறது. லிட்டருக்கு 317 கிராம் உள்ள தெவிட்டிய கரைசலில் ஆக்டிவிட்டி 0.753. அதிலிருந்து ஆஸ்மாட்டிக் குணகம் (இலட்சியக் கரைசலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 1.45 வருகிறது, அட்டவணையிலோ 1.28. சமன்பாட்டின் மாறிலிகளான பீட்டா-0, பீட்டா-1, சி-ஃபை மூன்றும் அட்டவணை எண்களான 0.0765, 0.2664, 0.00127 பக்கத்திலேயே வரவில்லை. கருவி கெட்டுவிட்டதா? மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன்.

வேதியியல் ஆசிரியர், ராமநாதபுரம்:
கருவி நன்றாக இருக்கிறதம்மா. ஈரப்பதமானியைச் சரிபார்க்கவே தெவிட்டிய உப்புக் கரைசலை வைப்பார்கள், அது காட்ட வேண்டிய எண்ணும் 0.753தான். 317ஐ உப்பின் மோல் எடையான 58.44ஆல் வகுத்து 5.42 என்று போட்டிருப்பாய். அது ஒரு லிட்டர் கரைசலுக்கு. பிட்சர் கேட்பது ஒரு கிலோ நீருக்கு, அதாவது மோலாலிட்டி. அந்த ஒரு லிட்டரின் எடை 1198 கிராம். உப்பு போக நீர் 881 கிராம்தான். 5.42ஐ 0.881ஆல் வகுத்தால் 6.15. இதை வைத்துப் பார், 1.28 வரும். 58 கிராம் கரைசலில் நீர் 978 கிராம், பிழை 2 சதவீதம்தான். அதனால்தான் அங்கே தெரியாமல் போனது.

பீட்டா-1 தன்னைக் காட்டுவது நீர்த்த கரைசலில். அந்தப் பக்கம் புள்ளிகள் இல்லாவிட்டால் மூன்றையும் சேர்த்துப் பொருத்தாதே, ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். பீட்டா-1ஐ 0.2664 என்றே நிறுத்திவை.

உப்பளக்காரர், வாலிநோக்கம்:
ஏம்மா, எங்க தண்ணிய எப்ப எடுத்த? மத்தியானச் சூட்டுல போமே மீட்டர் (தண்ணியோட அடர்த்தி பாக்குறது) போட்டா போமே டிகிரி குறைச்சுத்தான் காட்டும், அதே தண்ணி ஆறினா ஏறும். பாட்டில் அடியில வெள்ளையா உட்கார்ந்திருந்தா அந்தத் தண்ணி மாறிப்போச்சு, புதுசா எடு. போமே 25 டிகிரியில உப்பு விழ ஆரம்பிக்கும். 29 தாண்டினா வாயில வச்சுப் பாரு, கசக்கும்.

முதுகலை மாணவி:
ஐயா, 1.28 வந்துவிட்டது! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணே, என் பாட்டிலில் விரல் கனம் உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது மாதிரி மட்டும் தெளிவு. நாளைக் காலையில் வருகிறேன். ஐயா, 29 டிகிரித் தண்ணீருக்கும் சோடியம் குளோரைடு எண்களே போதுமா?

வேதியியல் ஆசிரியர்:
போதாது. கசப்பு மக்னீசியத்தினுடையது. தெவிட்டிய மக்னீசியம் குளோரைடில் ஆக்டிவிட்டி 0.33தான். மழைக்காலத்தில் கழுவாத உப்பு கசிவதும் அதனால்தான். மக்னீசியம் சல்பேட்டுக்குப் பீட்டா-2 என்ற இன்னொரு மாறிலி வேண்டும், ஒரே வகை மின்னூட்டமுள்ள அயனி ஜோடிகளுக்குத் தீட்டா, மூன்று அயனிகள் சேரும் இடத்துக்குச் சை வேண்டும். ஹார்வி, மோலர், வேர் மூவரும் 1984இல் கடல்நீர் அயனிகளுக்குத் தந்த தொகுப்பை எடு. அது 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது, பாத்திச் சூட்டுக்கு அப்படியே போடாதே. சோடியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட் நான்கையும் எடைக் கணக்கில் அளந்து கொண்டு வா, உட்கார்ந்து போடலாம்.