வாவிக்குள் விழுந்த எங்கள் வீட்டை யாராவது கரை சேருங்கள்

உறவுகளே, வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வீடு. தம்பி போன் மேப்பில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தான். அது எப்படியோ மட்டக்களப்பு வாவிக்குள் போய் விழுந்துவிட்டது.

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த மச்சாள் குடும்பம் வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரையிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீடு மேற்குக் கரையில். அவர்கள் வந்த வானுக்கு முன்னால் தண்ணீர். "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று போன் சொல்ல, தோணியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்து பார்த்து, "இதுக்கங்கால இறால்தான் மகன் இருக்கு" என்றாராம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். (பாதை என்றால் இங்கே படகு, வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்.) அப்போது வாயால் கேட்டுக்கேட்டே எல்லாரும் ஒழுங்காக வந்து சேர்ந்தார்கள்.

வரும் ஞாயிறு அக்கா மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. இரண்டு வான் ஆட்கள் வருகிறார்கள். சாரதிகளுக்கு மேப் சொல்வதுதான் வேதவாக்கு. மூன்று முறை திருத்தம் அனுப்பிவிட்டேன். நன்றி என்று பதில் வருகிறது, புள்ளி நகரவில்லை. இதை எப்படி நகர்த்துவது? இல்லை, வீட்டு முற்றத்தில் நின்று வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பினால் பாலத்தால் கூட்டிவருமா?

தம்பியிடம் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.