கிளட்ச் செட் நானே மாற்றினேன்: இப்போது ரிவர்ஸ் போட்டால் கரகர சத்தம், 1, 2 கியர் சரியாக விழவில்லை

கேள்வி:
முன் சக்கர டிரைவ் உள்ள சின்ன பெட்ரோல் கார், 5 கியர் மேனுவல், கிளட்ச் ஹைட்ராலிக். கிளட்ச் நழுவ ஆரம்பித்ததால் போன வாரம் இரண்டு நாள் செலவழித்து கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளி கிளட்ச்சைப் பிரிப்பது) மூன்றையும் மாற்றினேன். அதற்காக இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவ வேண்டியிருந்தது, ஸ்லேவ் சிலிண்டருக்கு (பெடலின் ஆயில் அழுத்தத்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுவது) வரும் பைப்பையும் கழற்றினேன். நழுவல் போய்விட்டது. ஆனால் இப்போது ரிவர்ஸ் போட்டால் பல் உரசுவது போல கர்ர்ர் என்கிறது, 1, 2 கியரை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. அது தவிர மெதுவாக ஓட்டும்போது முன்பக்கம் இடது புறத்திலிருந்து நறநற என்று ஒரு சத்தம். மறுபடி கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா? நினைத்தாலே கை நடுங்குகிறது.

பதில் 1:
பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். நடுவில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் பிரஷர் பிளேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், பிளேட்டிலேயே 'ஃப்ளைவீல் பக்கம்' என்று அச்சடித்திருப்பார்கள். இறக்கிப் பாருங்கள்.

பதில் 2:
அவசரப்பட்டு இறக்காதீர்கள். மேலே சொன்னதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்: எது பெடலோடு மாறுகிறது, எது சக்கர வேகத்தோடு மாறுகிறது என்று. நீங்கள் இரண்டு பிரச்சினைகளை ஒன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கடினமாக இருந்தால் கியர் கேபிள் சரியாக உட்காரவில்லை என்று தேடலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் கடினம் என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை, பெடலை மிதித்த பிறகும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிறைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் (கியர் விழும் முன் வேகங்களைச் சமன் செய்யும் பாகம்) கிடையாது, அதனால் கோளாறு முதலில் அங்கேதான் கத்தும். ஐடிலில் பெடலை அடிவரை மிதித்து ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள், அப்போதும் கரகர என்றால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாகப் பிரியவில்லை என்று உறுதி. அப்புறம் பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்துவிட்டு, கடைசி மிதியிலேயே காலை வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நியூட்ரலில் பெடலிலிருந்து காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் மேல் சந்தேகம் வரும். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்.

கேட்டவர்:
பார்த்தேன். இன்ஜின் அணைந்திருந்தால் ஐந்தும் ரிவர்ஸும் வெண்ணெய் போல விழுகின்றன. ஓடும்போது ஆறு நொடி காத்திருந்தாலும் கர்ர். ஆனால் நாலு முறை பெடல் அடித்த பிறகு ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது! நியூட்ரலில் மிதித்தாலும் விட்டாலும் ஒரு சத்தமும் இல்லை. பைப்பை மாட்டிய பிறகு டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி நிரப்பினேன், அவ்வளவுதான்.

பதில் 2:
அப்படியானால் லைனில் காற்று இருக்கிறது. பைப்பைக் கழற்றிய இடத்தில் காற்று புகுந்துவிடும், டப்பாவை நிரப்பினால் மட்டும் அது வெளியேறாது. காற்று அமுங்குகிறது, அதனால் உங்கள் மிதியில் ஒரு பகுதி அதை அமுக்குவதிலேயே போய்விடுகிறது, பேரிங் தள்ள வேண்டிய தூரம் தள்ளுவதில்லை. பிளீட் செய்யுங்கள், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

பதில் 3:
ஒரு கேள்வி, ஷாஃப்டை உருவியபோது கியர் ஆயில் வழிந்திருக்குமே, எவ்வளவு திரும்ப ஊற்றினீர்கள், என்ன ஆயில்?

கேட்டவர்:
கணக்காக அளக்கவில்லை. ஒரு லிட்டர் ஊற்றினேன், வீட்டில் இருந்த 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை) ஜிஎல்-5 (தர வகை) கியர் ஆயில்.

பதில் 3:
இதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். சின்ன கார் கியர்பாக்ஸ்கள் பலவும் 2 லிட்டருக்குப் பக்கத்தில் கேட்கும். ஆயில் குறைந்தால் பேரிங்கும் பல்லும் காய்ந்து தேயும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்புறம் அந்த ஜிஎல்-5. அது அச்சு டிஃபரன்ஷியலுக்கான வலுவான கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் கொண்டது. சின்க்ரோ வளையம் உராய்வால்தான் கியரின் வேகத்தைப் பிடித்துச் சமன் செய்கிறது, அந்த ஆயிலின் வழுக்கல் அதற்கு இடைஞ்சல், பித்தளை வளையமாக இருந்தால் நாளாக நாளாக அரிக்கவும் செய்யலாம். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 மட்டும் ஊற்றுங்கள். வண்டி சமதரையில் நேராக நிற்க வேண்டும். டிரெயின் பிளக்கில் கை வைப்பதற்கு முன் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள், காலி செய்த பிறகு அது இறுகிக் கிடந்தால் அழுகைதான் மிச்சம். ஃபில்லர் துளையில் இருந்து வழிய ஆரம்பிக்கும் வரை ஊற்றுவதுதான் பொதுவான அளவு.

பதில் 4:
இடது பக்க நறநறவுக்கு: சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள். ஷாஃப்ட் உருவும்போது சுத்தியலோ கம்பியோ பட்டால் எளிதில் வளைந்து டிஸ்க்கில் உரசும். ஸ்டாண்ட் போட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
மூன்றையும் செய்தாயிற்று. தகடு உள்பக்கம் வளைந்து டிஸ்க்கில் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தது, கையாலேயே வெளியே இழுத்தேன், நறநற நின்றது. பிளீட் செய்தபோது முதல் ஏழெட்டு மிதியில் நுரை மாதிரி வந்தது, பிறகு சுத்தமான ஆயில். பெடல் இப்போது மேலேயே பிடிக்கிறது, ரிவர்ஸ் ஒரு சத்தமும் இல்லாமல் விழுகிறது. பழைய கியர் ஆயிலை வடித்து கையேட்டில் உள்ள 75டபிள்யூ-80 ஜிஎல்-4 ஊற்றினேன், 2.1 லிட்டர் பிடித்தது. அதாவது பாதி ஆயிலுக்கும் குறைவாக வைத்து நாலு நாள் ஓட்டியிருக்கிறேன். வடித்ததில் உலோகத் துகள் எதுவும் கண்ணில் படவில்லை, காந்த பிளக்கில் மெல்லிய சாம்பல் பசை மட்டும். காலையில் குளிரில் 2-லிருந்து 3 போகும்போது மட்டும் லேசாக ஒரு தடை இருக்கிறது.

பதில் 3:
அந்தச் சாம்பல் பசை வழக்கமான தேய்மானம், துண்டு துண்டாக வந்திருந்தால்தான் கவலை. காலைத் தடை ஒரு மாதத்தில் குறைகிறதா என்று பாருங்கள், கூடினால் எழுதுங்கள். ஷாஃப்ட் சீல் இரண்டையும் தினமும் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள், உருவி மாட்டும்போது சீலின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் இந்த வாரமே ஈரம் தெரியும்.